அழித்த பதிவின் முகவரி

ஆவுடையப்பன் கணினி வேலை கற்க மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஆசிரியை பியூலாவுக்கு முப்பத்திமூன்று. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பியூலா ‘ஈரநிலம்’ என்ற சிறிய சர்வரை நடத்திவந்தார். முதலாளி என்று ஒருவர் இல்லாத சமூக வலைத்தளம் அது. ஊருக்கு ஊர் யாராவது ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். ஒன்றில் எழுதினால் மற்றவற்றுக்கும் நகல் போய்ச் சேரும். மூலம் மட்டும் எழுதியவரின் சர்வரிலேயே இருக்கும்.

ஆவுடையப்பன் தாலுகா அலுவலக ஆவண அறையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னாலும் கை வராது. பலரும் பேசிய பதிவுகளின் நிலைத்த இணைப்புகளைப் பட்டியலாகத் தொகுக்கும் வேலையை பியூலா அவரிடம் விட்டார். யார் எப்போது சொடுக்கினாலும் திறக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோவில்பட்டி செண்பகராமன் இறந்தார். ஆவுடையப்பனின் பலகாலச் சிநேகிதர். அவர் நடத்திய சர்வரும் அதே மாதம் நின்றுபோனது. பட்டியலில் இருந்த அவருடைய இணைப்பு ஒன்றுகூடத் திறக்கவில்லை. அன்று ஆவுடையப்பன் வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு காரியம் செய்தார். பட்டியலில் இருந்த மூல முகவரிகளை எடுத்துவிட்டு, ஈரநிலத்தில் இருக்கும் நகல்களின் முகவரிகளைப் போட்டார். எழுதியவர் ஒரு பதிவை அழித்தால் ‘நீங்களும் அழித்துவிடுங்கள்’ என்று மற்ற சர்வர்களுக்கு ஒரு செய்தி வரும். அந்தச் செய்திகளை உள்ளே விடாமல் ஓரமாக நிறுத்திவைத்தார். இனி எதுவும் போகாது என்று நிம்மதியாக இருந்தார், பாவம்.

ஒன்றரை வருஷம் கழித்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். நிலைத்த இணைப்புன்னா நிலைக்க வேண்டாமா?”

“நிலைக்கணும், அண்ணாச்சி.”

“ஒரு அம்மா அழிக்கச் சொல்றாங்க.”

“வாசிங்க.”

எழுதியிருந்தவர் மாரிச்செல்வி. வேறொரு சர்வரைச் சேர்ந்தவர். கணவர் இறந்த வாரத்தில் ஆத்திரத்தில் ஒரு பதிவு போட்டிருந்தார். வீட்டில் கணவரைப் பார்த்துக்கொண்ட நாத்தனார் சங்கரவடிவு ஒரு நர்ஸ்; அவள் மருந்தை மாற்றிக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று. பிறகு மருத்துவ அறிக்கை வந்தது. மருந்தில் ஒரு தவறும் இல்லை. மாரிச்செல்வி நாத்தனாரின் காலில் விழுந்தார். பதிவை அழித்தார். ஆனால் சங்கரவடிவு வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் யாராவது ஓர் இணைப்பை நீட்டுகிறார்கள். மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். நாலாவது இடத்தில் வருகிற திங்கட்கிழமை நேர்காணல். நீட்டப்படும் இணைப்பு ஈரநிலத்தினுடையது.

“‘நான் திரும்ப எடுத்துக்கொண்டதை நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள்’னு கேட்டிருக்காங்க,” என்றார் ஆவுடையப்பன்.

பியூலா தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

“அந்தப் பதிவோட மூல முகவரி இருக்கா?”

“பழைய பட்டியல்ல இருக்கு.”

“திறங்க.”

பக்கம் திறந்தது. ஒரே ஒரு வரி. ‘இங்கே இருந்த பதிவை எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.’ கீழே தேதி.

“இணைப்பு செத்துப்போச்சா?”

“இல்ல டீச்சர். திறக்குது.”

“இப்ப நம்ம முகவரி. சத்தமா வாசிங்க.”

‘என் புருஷனைக் கொன்னவ’ என்று ஆரம்பித்தது. ஆவுடையப்பனால் அதற்கு மேல் முடியவில்லை.

“இதை இப்ப யார் சொல்றா, அண்ணாச்சி?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா சொல்லல,” என்றார். “நான்தான் சொல்லிட்டிருக்கேன்.”

முகவரிகளை மாற்றிப் போட்டதையும் அழிப்புச் செய்திகளை நிறுத்திவைத்ததையும் பியூலாவிடம் சொன்னார்.

“ஆனா டீச்சர், இவங்களுக்குத் திறந்துவிட்டா, நாளைக்கு மேடையில வாய்க்கு வந்ததைப் பேசினவனும் அழிச்சிட்டு நல்லவனாயிருவான்.”

“அழிச்சான்னு அதே முகவரி சொல்லும். தேதியோட.”

“செண்பகராமன் எழுத்து போன மாதிரி எல்லாம் போயிரும்.”

“அவர் அழிச்சாரா?”

“இல்ல. செத்துப்போனார்.”

“அவர் எழுத்தை நீங்க காப்பாத்தியிருந்தா உங்க கையைப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பேன்,” என்றார் பியூலா. அதை மிகவும் மெதுவாகச் சொன்னார்.

ஆவுடையப்பன் தடையை நீக்கினார். நிறுத்திவைத்திருந்த செய்திகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. அத்தனை பேர் வாசலில் நின்றது அவருக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாரிச்செல்வியின் பதிவும் ஈரநிலத்திலிருந்து போயிற்று. நகலின் பழைய முகவரியைச் சொடுக்கினாலும் மூலத்துக்கே போகும்படி செய்தார். பட்டியலிலும் மூல முகவரியை மறுபடி போட்டார். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தார்.

“இந்த வரியையும் பட்டியல்லேருந்து எடுத்துரட்டுமா டீச்சர்? போய்ப் பார்த்தா அங்க ஒண்ணும் இல்லையே.”

“எடுக்காதீங்க. எழுதினவங்களே திரும்பப் பெற்றுக்கிட்டாங்கன்னு அது சொல்லுதே. அந்த நர்சம்மாவுக்கு அனுப்பிவைங்க,” என்றார் பியூலா. “திங்கட்கிழமை வேற யாரும் நீட்டுறதுக்கு முன்னால அவங்களே நீட்டட்டும்.”