செத்த கடைச் சட்டம்

முன்னொரு காலத்தில் செங்காநாட்டைக் கோடையிடி வர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். பெயருக்கேற்ற ஆள். இடி உண்டு, மழை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

ஒரு வருஷம் நாட்டில் கொள்ளைநோய் புகுந்தது. கடைவீதியை மூடச் சொல்லி ராஜா தண்டோரா போட்டார். அரண்மனைக் கதவையும் தாழிட்டுக்கொண்டு அந்தப்புரத்தில் சொக்கட்டான் ஆடப் போய்விட்டார்.

“சின்னக் கடைக்காரர்கள் எதைத் தின்பார்கள்?” என்று கேட்டார் மந்திரி அம்பலவாணர். களஞ்சியத்திலிருந்து கடைக்கு ஒரு மூட்டை நெல் கொடுக்கலாம் என்று யோசனையும் சொன்னார். ராஜா அவரை மெச்சினார். களஞ்சிய அதிகாரி திருமேனிக்கு அது பொறுக்கவில்லை. “தகுதி பார்த்துக் கொடுக்க வேண்டாமா மகாராஜா? நான் போய்ப் பார்க்கும்போது கடை திறந்து போணி ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது செத்த கடை. நெல்லும் கிடையாது, இடமும் அரசுக்குச் சேரும்” என்றான். காயை நகர்த்திக்கொண்டே ராஜா தலையாட்டினார்.

கதை சொல்லும் எனக்கே இன்னும் மனசு ஆறவில்லை ஐயா. மூடச் சொன்ன கடையில் போணி எப்படி ஆகும்? நெல்லுக்கு ஆசைப்பட்டுக் கடையைத் திறந்த வெற்றிலைக்காரருக்குச் சவுக்கடி விழுந்தது. கட்டளைக்குப் பயந்து மூடியே வைத்திருந்த பணியாரக் கடைப் பேச்சியம்மாளிடம், “உன் கடை செத்துவிட்டது, நாளைக்கு இடத்தைக் காலி செய்” என்றார்கள் திருமேனியின் ஆட்கள்.

பேச்சியம்மாள் மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். “புள்ளைங்களுக்கு அந்த அடுப்புதான் சாமி சோறு. அதையும் எடுத்துட்டா நாங்க எங்க போறது?” என்றாள். மந்திரி அப்போதே பறையடிப்பவனுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் பறை முழங்கியது. “இதனால் சகலருக்கும் அறிவிப்பது. செங்காநாட்டு அரசு செத்த அரசு. சிம்மாசனம் காலி. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.”

அது அந்தப்புரத்தில் இருந்த ராஜாவின் காதில் விழுந்தது. கிரீடம்கூட வைக்காமல் கொலு மண்டபத்துக்கு ஓடி வந்தார். பின்னாலேயே திருமேனியும் வந்தான். அங்கே மந்திரி கைகட்டி நின்றார், பக்கத்தில் அவர் பின்வாசல் வழியாக அழைத்து வந்த பேச்சியம்மாள்.

“ராஜத் துரோகம்! தலையை வாங்குங்கள்” என்றான் திருமேனி.

“கொஞ்சம் பொறு. மந்திரி, நான் உயிரோடு இருக்கும்போது அரசு எப்படிச் சாகும்?”

“நோய் வந்ததிலிருந்து நேற்றுவரை இந்த மண்டபம் பூட்டியே கிடந்தது மகாராஜா. ஒரு வழக்குக் கேட்கவில்லை, ஒரு மனு வாங்கவில்லை. போணியே ஆகாத சிம்மாசனம் இது.”

“நோய்க்காக நாம்தானே பூட்டச் சொன்னோம்?”

“கடைவீதியையும் தாங்கள்தான் பூட்டச் சொன்னீர்கள். திறந்த வெற்றிலைக்காரருக்குச் சவுக்கடி, பூட்டியது செத்தது என்பது திருமேனியின் சட்டம். தலையாட்டியது தாங்கள்.”

ராஜா மெல்லத் திருமேனி பக்கம் திரும்பினார். “திருமேனி, இதுவரை எத்தனை பேருக்கு நெல் கொடுத்தாய்?” என்றார்.

திருமேனி நெஞ்சை நிமிர்த்தினான். “ஒருவருக்கும் இல்லை மகாராஜா. ஒரு மணி குறையாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.”

ஊர் பசியில் கிடக்க, இந்த மனுஷன் பரிசை எதிர்பார்த்து நிற்கிறான்.

“உன் பதவி இந்த நிமிஷமே செத்தது” என்றார் ராஜா. “நீயே மூட்டை சுமந்து கடைக்காரர் வீடு வீடாகப் போய் இறக்கிவிட்டு வா. வெற்றிலைக்காரரிடம் மன்னிப்பும் கேள். யார் இடத்தையும் யாரும் தொடக் கூடாது.” தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

தர்மம் செய்த திருப்தியில் ராஜாவின் முகம் மலர்ந்தது. பேச்சியம்மாளைப் பார்த்து, “பைத்தியக்காரி, இவ்வளவு அநியாயம் நடந்திருக்கிறது. முதலிலேயே என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“வந்தேன் மகாராசா, மூணு தடவை. நோய் தீர்ற வரைக்கும் ராசா யாரையும் பாக்க மாட்டாருன்னு கதவைச் சாத்திட்டாங்க.”

மலர்ந்த முகம் சுருங்கிப்போனது. ராஜா நடந்து போய், அரண்மனை வாசல் தாழ்ப்பாளைத் தம் கையாலேயே நீக்கினார்.