பல் டாக்டரும் வெள்ளைப் பந்தும்

“டீச்சர், கை நடுங்காம இருக்க என்ன செய்யணும்?”

பல் டாக்டர் ஞானதுரை கேட்டது இது ஒன்றைத்தான். முதல் நாளும் இதையே கேட்டார், ஒன்பதாம் நாளும் இதையே கேட்டார்.

ரெஜினா பர்னாந்து சொன்ன பதிலும் ஒன்றுதான்.

“இன்னொரு தடவை அடிங்க.”

மேசைமேல் கோலால் பந்தடிக்கும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவள் ரெஜினா. ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஆடுவாள். போட்டி இல்லாத மாதங்களில் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கிளப்பில் தனி வகுப்பு எடுப்பாள். அவளுக்கு வயது முப்பது, டாக்டருக்கு ஐம்பத்தாறு. மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே இல்லை. வந்த வினை அப்படி.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருவருடைய பல்லைக் குடையும்போது மிஷின் வழுக்கி, நாக்கைக் கிழித்துவிட்டது. நாக்கு ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. டாக்டருக்குத்தான் ஆறவில்லை. அடுத்து வந்த மூன்று பேருடைய வாய்க்குள் கையைக் கொண்டுபோனதுமே கை ஆட ஆரம்பித்தது. மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். நரம்பு டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

கிளினிக்குக்குப் பூட்டு விழுந்தது. இருபத்தெட்டு வருஷம் ஊரார் வாயைத் திறக்கவைத்த மனிதர், பல் பிடுங்கின பாம்பாக வீட்டில் கிடந்தார்.

கட்டடத்துக்காரர் இதற்குள் ஒரு கேக் கடைக்காரரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிவிட்டார். கிளினிக் வேண்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் டாக்டர் சொல்லியாக வேண்டும். பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்குக் கை கல் மாதிரி நிற்கும் என்று யாரோ சொல்லப்போய்தான் ரெஜினாவைத் தேடி வந்தார். வந்த முதல் நாளே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார்.

ஒன்பதாம் நாள் வகுப்பு, கெடுவுக்கு முந்தின நாளான வியாழக்கிழமையில் விழுந்தது.

பாடம் என்னவோ சின்னதுதான். வெள்ளைப் பந்தை நேராக அடிக்க வேண்டும். அது மேசையின் எதிர் விளிம்பில் முட்டித் திரும்பி வந்து, அடித்த கோலின் நுனியையே தொட வேண்டும். டாக்டர் அடித்த பந்து மேசையில் எங்கெங்கோ போயிற்று. கோல் இருந்த பக்கம் மட்டும் வரவில்லை.

“மேசை ஒரு பக்கமா சாஞ்சிருக்கோ?”

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.” ரெஜினா சிரித்தாள். “இன்னொரு தடவை அடிங்க.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கோலை மேசைமேல் போட்டார்.

“ஒன்பது நாளா இதையேதான் சொல்லுதீங்க. உங்க கை மட்டும் ஆடவே மாட்டேங்குது. அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லித்தந்தா என்ன?”

ரெஜினா இடது கையை அந்தரத்தில் நீட்டினாள். கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சாக் கட்டி ஒன்றை எடுத்துத் தன் புறங்கையில் வைத்தாள்.

கட்டி ஆடியது. விழுந்தது.

டாக்டர் குனிந்து எடுத்துத் திரும்ப வைத்தார். திரும்பவும் விழுந்தது.

“உங்களுக்குமா?”

“சின்ன வயசுலேர்ந்தே. காப்பி டம்ளரை என் கையில குடுக்கவே எங்க வீட்ல யோசிப்பாங்க.”

“அப்போ போட்டியில?”

ரெஜினா கோலை எடுத்தாள். குனிந்து இடது கையை மேசையில் ஊன்றினாள். விரல்கள் விரிந்தன, உள்ளங்கையின் அடி மேசைமேல் போர்த்திய துணியில் அழுந்தியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கோல் அசையாமல் கிடந்தது. அடித்தாள். பந்து போய், முட்டி, திரும்பி வந்து, கோலின் நுனியில் டக்கென்று நின்றது.

“இப்போ நீங்க குனிங்க. உங்க கை எங்க இருக்குன்னு பாருங்க.”

டாக்டர் குனிந்து பார்த்தார். விரல் நுனிகள் மட்டும் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தன. உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சுண்டெலி போய்வரலாம்.

“துணி கசங்கிருமோன்னு…”

“துணிக்குக் கீழ கல்லு, டாக்டர். ஆறேழு பேர் சேந்து தூக்கிட்டு வந்து வச்ச கல்லு. நீங்க சாஞ்சா தாங்காதா?”

டாக்டர் சாய்ந்தார். கை முழுசாக மேசையில் இறங்கியது. அடித்தார்.

பந்து போயிற்று. வந்தது. டக்கென்றது.

ஐம்பத்தாறு வயதை மறந்து கைதட்டிச் சிரித்தார் மனிதர்.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்றாள் ரெஜினா. “வாய்க்குள்ள வேலை செய்யும்போது கையை எங்க ஊணுவீங்க?”

“பக்கத்துப் பல்லு மேல. மோதிர விரலை. காலேஜ்ல மொதல்லயே சொல்லித்தந்துருவாங்களே.”

“அந்த மூணு பேருக்கு?”

மூன்று பேருடைய திறந்த வாய்களும் டாக்டரின் கண்முன் வந்தன. மூன்றிலும் அவர் கை அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“தொடவே பயமா இருந்துச்சு, டீச்சர். மறுபடியும் யாரையாவது…”

கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்து, அண்ணாந்து, ஆவென்று வாயைத் திறந்தாள்.

டாக்டர் தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் நீலப் பொடி. குழாயடிக்குப் போய், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அதுவரை அவள் வாயை மூடவில்லை.

அவள் முகம்வரை கை நடுங்கிக்கொண்டேதான் போயிற்று. மோதிர விரல் ஒரு பல்லைத் தேடி அதன்மேல் ஊன்றியதும் ஆட்டம் நின்றது.

டாக்டர் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

“கீழ் வரிசையில கடைசிக்கு முந்தின பல்லு சொத்தை,” என்றார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கிளினிக்குக்கு வந்துருங்க.”