முதல் தண்ணீருக்கு மூன்று படம்

"டீச்சர், சூரியனைப் பிடிச்சா ஆளு கறுத்துப் போகுது. ஆளைப் பிடிச்சா வானம் வெளுத்துப் போகுது. நான் என்னதான் செய்ய?"

கேட்டவர் சிவதாணு. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் ரயிலைக் கண்டு பதறாதவர், கேமராவைக் கண்டால் பதறுவார்.

போட்டோ வகுப்பு எடுக்கும் டீச்சர் பர்வீனுக்கு இருபத்தொன்பது. சிவதாணுவின் கேமராவை வாங்கிப் பிராக்கெட்டிங் வசதியைப் போட்டுக் கொடுத்தாள்.

"பட்டனை விடாம அழுத்துங்க. மூணு படம் விழும். ஒண்ணு அளவா, ஒண்ணு இருட்டா, ஒண்ணு வெளிச்சமா."

சிவதாணுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்ப இனி தப்பே வராது."

"நாளைக்குக் கடற்கரையில பாப்போம் சார்."

மறுநாள் விடியலில் ரெஜினாவின் புது வள்ளம் கடலில் இறங்கியது. அதற்காகக் கத்தாரில் உழைத்த கணவன் அந்தோணிக்கு லீவு கிடைக்கவில்லை. வள்ளம், ரெஜினா, உதிக்கிற சூரியன், மூன்றும் ஒரே படத்தில் வேண்டும் என்று சிவதாணுவிடம் போனில் கேட்டிருந்தான். புது வள்ளம் கடலைத் தொடும் முதல் தண்ணீர் ஒரு தடவைதான்.

பத்துப் பேர் தள்ளினார்கள். வள்ளம் மணலை உரசிக்கொண்டு ஓடியது. அலை எழும்பி, கூடவே ஓடிய ரெஜினாவை இடுப்பு வரை நனைத்தது. சிவதாணு விரலை எடுக்காமல் அழுத்தினார்.

மூன்று சத்தம்.

"கிடைச்சிட்டு டீச்சர். மூணையும் வீட்ல போய் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேத்திரலாம்."

"சேத்தா ரெஜினாக்கு மூணு தலை வரும் சார். அலையும் நிக்கல, அவங்களும் நிக்கல."

சிவதாணு திரையைப் பார்த்தார்.

முதல் படத்தில் ரெஜினா கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவதில் சூரியன் தகதகவென்று இருந்தது, அவள் முகம் வெறும் கரி. மூன்றாவதில் வாய் நிறையச் சிரித்தாள். ஆனால் வானம் வெள்ளைத்தாள், சூரியன் இருந்த இடமே தெரியவில்லை.

"இந்தச் சிரிப்பு போயும் போயும் வெளுத்த படத்துலயா விழணும்? சூரியனுக்கு ரெண்டாவதுதான் படம். எதை அனுப்ப? நீங்க சொல்லுங்க டீச்சர்."

பர்வீன் கேமராவை வாங்கி, ஈரச் சேலையோடு கரையேறி வந்த ரெஜினாவிடம் நீட்டினாள்.

ரெஜினா மூன்றையும் பார்த்தாள்.

"இந்தக் கடைசியை அனுப்புங்க சாரே."

"இதுல சூரியனே இல்லியே மக்களே. அவன் கேட்டானே."

"சூரியன் அவருக்கு அங்கயும் உண்டு."