சீமை டிசைனில் ஒரு தோசை

கடல்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது! பாய்மரப் பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டு, தன் பழைய மரப்படகோடு வந்த இன்னாசியைப் பந்தயத்தை நடத்திய படகுக் கம்பெனி முதலாளி தில்லைநாயகம் மறித்தார்.

"இது சீமை டிசைன் படகுகளுக்கான பந்தயம். உன் கட்டைக்கு இடமில்லை."

"சரிங்க முதலாளி. உங்க ஃபைபர் படகு எல்லாத்துலயும் இடப்பக்கம் தோசை மாதிரி ஒரு மேடு இருக்கே, அது எதுக்குங்க?"

"தண்ணியை வெட்டத்தான்! சீமை எஞ்சினியர் ரகசியம்டா!"

இன்னாசி தன் படகைச் சாய்த்துக் காட்டினான். அதே இடத்தில் அதே தோசை.

"பாறையில மோதி விழுந்த ஓட்டைக்கு எங்கப்பா அடிச்ச ஒட்டுங்க. அச்சு எடுக்க இந்தப் படகை நீங்க இரவல் வாங்கினப்போ ஒட்டும் சேர்ந்து வந்திருச்சு. இதுக்குப் பொறந்த பிள்ளைங்க ஓடலாம், அப்பன் ஓடக்கூடாதா?"

கரையே சிரித்தது. முதலாளி வழிவிட்டார். அப்பன்தான் முதலில் வந்தான். பிள்ளைகள் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்கள்.

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். தில்லைநாயகம் என் சம்பந்தி. பொங்கல் விருந்துக்கு அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.