முருங்கைக் கொம்பு ஏன் சட்டென்று ஒடிகிறது

அந்தக் காலத்தில் ஆடும் மரமும் மனிதரோடு பேசும். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதது தன்பாட்டுக்கு இருக்கும். அப்போது முருங்கை மரம் இப்போது போல் இல்லை. புளியமரத்தைவிட உயரம், கருவேல மரத்தைவிட வைரம் பாய்ந்த கட்டை. எந்தச் சூறைக்காற்றிலும் அதன் ஒரு குச்சிகூட ஒடிந்ததில்லை. வெட்டப்போனால் கோடாலிதான் மழுங்கும். இலையெல்லாம் எட்டாத உயரத்தில் அசைந்துகொண்டிருக்கும்.

வெள்ளூற்று என்ற ஊரில் அப்படியொரு மரத்தை ஒட்டி சிலம்பாயியின் வீடு இருந்தது. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து ஆறு நாள். பெண் குழந்தை. அந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் வடித்த கஞ்சித் தண்ணீரும் வெந்நீரும்தான். வயிறு பச்சைப் புண்ணாக இருக்கிறது, எது உள்ளே போனாலும் சீழ் பிடிக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். புருஷன் கருத்தையன் விடிந்ததும் விதைப்புக்குப் போய்விடுவான். அவனுடைய அக்கா வீராயிதான் கூடவே இருந்து, ஒரு பருக்கைகூட சிலம்பாயியின் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டாள். கொடுமைக்காரி இல்லை. கஞ்சித் தண்ணீரை ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள்.

ஆறாம் நாள் காலையில் எழுந்தபோது சிலம்பாயிக்குக் கண் இருட்டியது. மார்பில் பால் இல்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மி, பூனைக்குட்டி மாதிரி முனகியது.

வாசலில் வெள்ளாடு கட்டிக் கிடந்தது. அவள் பிள்ளை பெற்ற அன்றுதான் அதுவும் இரண்டு குட்டி போட்டிருந்தது. சிலம்பாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“நாம ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே பெத்தோம்? உன் குட்டிங்க துள்ளுது. என் பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. உனக்கு என்ன கொடுத்தாங்க?”

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது. “யாரு கொடுக்கணும்? பசிச்சுது, தின்னேன். பெத்த பிறகு ரெண்டு மடங்கு பசிச்சுது.”

“வயித்துப் புண்ணு?”

“புண்ணு ஆறத்தானே தின்னணும்?” என்று ஆடு திருப்பிக் கேட்டது. பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தது. “அந்த மரத்துலேர்ந்து ஒரே ஒரு இணுக்கு இலை விழுந்துச்சு. அதைத் தின்ன அன்னைக்கு மடி கனத்துப்போச்சு. அப்புறம் விழவே இல்லை.”

சிலம்பாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மரத்தடிக்குப் போனாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே மரம் கேட்டது.

“உன் வீட்டுக்குள்ளேர்ந்து ஆறு நாளா ஒரு சத்தம் வருதே. முதல்ல பெரிசா இருந்துச்சு. வரவரச் சின்னதாகுது. என்ன அது?”

“பசி.”

“பசின்னா?”

ஊற்றுக்குள் வேரை விட்டு நிற்கிற மரத்துக்குப் பசி எங்கே தெரியும்? குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, அதன் முதுகை அடிமரத்தில் சாய்த்துப் பிடித்தாள். குழந்தை விம்மியது. அந்தச் சின்ன நடுக்கம் பட்டை வழியாக உள்ளே போனது. அது உச்சிக் கொம்புவரை ஏறிய பிறகு மரம் கேட்டது.

“இது நிக்குமா?”

“பால் கிடைச்சா நிக்கும். கிடைக்காட்டியும் நின்னுடும்.”

“என் இலை வேணுமா உனக்கு? எனக்கு வளையத் தெரியாதே. இந்த வைரத்தை விட்டாத்தான் கொம்பு இறங்கும். விட்டா அது திரும்பி வராது.”

“அப்ப வேண்டாம்,” என்றாள் சிலம்பாயி. “காத்துல எதுவும் விழுந்தா எடுத்துக்கிறேன்.”

“காத்து வர்ற வரைக்கும் அந்தச் சத்தம் இருக்குமா?”

அவள் குழந்தையின் வாயருகே காதை வைத்துப் பார்த்தாள். மரத்துக்குள்ளிருந்து அதன் வைரம் கரகரவென்று இறங்கி மண்ணுக்குள் போனது. அடுத்த கணம் படீரென்று ஒரு பெரிய கொம்பு முறிந்து, இலையும் பூவுமாக அவள் காலடியில் விழுந்தது.

சத்தம் கேட்டு வீராயி ஓடிவந்தாள்.

“எழுந்து வந்துட்டியா? அதைத் தொடாதே! வயிறு வெந்து போயிடும்!”

“மதினி, உங்களுக்குப் பிள்ளை பிறந்தப்ப என்ன கொடுத்தாங்க?”

“இதேதான். கஞ்சித் தண்ணிதான்.”

“பால் வந்துச்சா?”

கொம்பைத் தள்ளப்போன வீராயியின் கை அப்படியே நின்றது. அவளுடைய மகன் பத்தொன்பது நாள்தான் இருந்தான். அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று ஊர் சொன்னது. எட்டு வருஷமாக அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஆட்டைப் பார்த்தாள், துள்ளுகிற குட்டிகளைப் பார்த்தாள், முனகுகிற குழந்தையைப் பார்த்தாள்.

“ஊர் சொன்னதைத்தானே நான் செஞ்சேன், சிலம்பு...”

“நீங்க என்ன பண்ணுவீங்க, மதினி? யாருமே கேட்டுப் பார்க்கலை.”

வீராயி மண்ணில் உட்கார்ந்து இலையை உருவத் தொடங்கினாள். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நாலைந்து பூண்டுப் பல், சீரகம் போட்டு வேகவைத்தாள். குழைந்த சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அந்த இலையை அதுவரை எந்த மனிதரும் தின்றதில்லை. பொழுது உச்சிக்கு வரும்வரை காத்திருந்தாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் புதிதாக வேகவைத்து சிலம்பாயிக்கு ஊட்டினாள்.

அன்றிரவே மார்பில் துளித்துளியாகப் பால் ஊறத் தொடங்கியது. மறுநாளும் ஊட்டினாள். மூன்றாம் நாள் சிலம்பாயியின் மாராப்பு நனைந்தது. குழந்தை மூச்சுவிடாமல் குடித்தது. வயிறு நிறைந்து தூங்கியது. விழித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டது. ஒருக்களித்து நின்ற மரம், “இது என்ன சத்தம்?” என்றது. “இதுவும் பசிதான்,” என்று சிரித்தாள் சிலம்பாயி.

இலை உருவிய கொம்பை அடுப்பில் வைக்க வீராயிக்கு மனம் வரவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஈரத்தில் அதை ஊன்றிவைத்தாள். பத்து நாளில் கணுவுக்குக் கணு பச்சை வெடித்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஒரு கையில் கீரையும் மறு கையில் ஒரு கொம்புமாக அவள் போய் நிற்பாள். எல்லோரும் குழந்தையைக் காட்ட வருவார்கள். அவள் தாயின் பக்கம் திரும்பி, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்பாள்.

அன்று முதல்தான் முருங்கைக் கொம்பு கைபட்டாலே ஒடிகிறது. ஒடிந்ததை ஈர மண்ணில் ஊன்றினால், இன்னொரு வீட்டுக்கு மரமாகிறது.