தண்ணீர் சிந்திய சாட்சி

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் சந்தையில் குதிரைக்கு லாடம் அடிக்கும் காசிம் பாய். இப்போதும் பாதிதான் நம்புகிறேன். கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் குன்றைநாட்டை இளவெயினன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் சபையில் ஒரு வழக்கம். சாட்சி சொல்ல வருகிறவன் விளிம்புவரை நிறைந்த குடத்தை ஏந்தி, வாசலிலிருந்து அரியணைவரை நடக்க வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் பொய்யன். வாயைத் திறக்க விடமாட்டார்கள்.

அன்று குடம் ஏந்தியவன் லாயக்காரன் சாத்தன். அரசனின் வெள்ளைக் குதிரை கால் ஒடிந்து கிடந்தது. ஒடித்தவன் சாத்தன்தான் என்றான் படைத்தலைவன் கூத்தரையன். குற்றம் உறுதியானால் தலை போய்விடும். நாலடி நடப்பதற்குள் சாத்தன் கள் குடித்தவன்போல் தள்ளாடினான். குடம் பாதி காலியானது.

“பார்த்தீர்களா அரசே? கையே பொய் சொல்கிறது, வாய் என்ன சொல்லும்?” என்றான் கூத்தரையன்.

“இழுத்துப் போங்கள்,” என்று கொட்டாவி விட்டான் அரசன்.

அமைச்சர் நன்னாகனார் காவலரைக் கைகாட்டித் தடுத்தார். காலையில்தான் சாத்தன் அவரிடம் முண்டாசை அவிழ்த்துக் காட்டி, நடந்ததைச் சொல்லியிருந்தான். பிடரிக்கு மேலே முஷ்டி அளவு காயம். அடித்தவன் எதிரே நின்று சிரிக்கிறான், அடிபட்டவன் பொய்யனாம். கத்தினால் இந்த அரசன் கேட்கமாட்டான். விளையாட்டென்றால் கேட்பான்.

“அரசே, தட்டாமாலை சுற்றி எவ்வளவு காலமாயிற்று?”

அரசனின் முகம் மலர்ந்தது. “இப்போதா?”

“இப்போதே. சுற்றிவிட்டு அந்தக் குடத்தை ஏந்தி வாருங்கள். என்ன படைத்தலைவரே, அரசர் கை சிந்துமா?”

“அரசர் கையாவது சிந்துவதாவது,” என்றான் கூத்தரையன்.

அரசன் கைகளை விரித்துச் சுழன்றான். பிறகு குடத்தோடு நடந்தான். நடந்தான் என்பதைவிடத் தூணுக்குத் தூண் மோதினான். பட்டு வேட்டி தொப்பலாக நனைந்தது.

“தங்கள் பாட்டனார் பெயர் என்ன அரசே?”

“நெடுவெயினன். எதற்குக் கேட்கிறீர்?”

“சிந்தியவர் சொல்வது பொய்யல்லவா? அந்தப் பெயரை நாங்கள் எப்படி நம்புவது?”

அமைச்சர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

“தலைக்குள் இருப்பது ஒரே உருண்டையல்ல, அரசே. மேலே பெரிதாக இருப்பது பெருமூளை. நினைப்பதும் நினைவில் வைப்பதும் பேசவைப்பதும் அது. பின்னால், அதற்கடியில் சிறுமூளை. கைகால் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அது. இன்னும் கீழே முகுளம். தாங்கள் தூங்கும்போதும் மூச்சை நடத்துகிறது. சுழன்றதில் தங்கள் நடை குழம்பியது, பாட்டனார் பெயர் பத்திரமாக இருக்கிறது. இவனுக்குப் பின்னந்தலையில் அடி. கெட்டது இவன் நடை, நினைவல்ல. சமையற்காரன் உப்பை மறந்தால் காவற்காரனையா கழுவேற்றுவீர்கள்?”

அரசன் வேட்டியைப் பிழிந்தான். “சாத்தா, பேசு.”

சாத்தன் தூணைப் பிடித்துக்கொண்டான். “படைத்தலைவருதான் குதிரையைப் பாறை மேல விரட்டினாரு சாமி. தடுத்தேன், தடியால அடிச்சாரு. குதிரையை விரட்ட அவரு குதிகால்ல கட்டியிருந்த முள்ளு ஒடிஞ்சு இன்னும் குதிரை விலாவுல இருக்கு.”

காவலன் ஒருவன் லாயத்துக்கு ஓடி, அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கூத்தரையனின் இடது குதிகாலில் முள் மொட்டையாக இருந்தது.

அரசன் அவன் வாளைப் பறித்து, லாயத்தில் சாணி அள்ள அனுப்பினான். சாத்தனை லாயத்துக்குத் தலைவனாக்கினான். அமைச்சருக்குத் தன் முத்துமாலையைப் போட்டு, குடத்தைத் தன் கையாலேயே உடைத்தான்.

நல்ல முடிவுதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. போன மாதம் காசிம் பாயிடம் கேட்டேவிட்டேன்: “பாய், சாத்தனுக்கு முன்னால அந்தக் குடத்தைச் சிந்துனவங்க தலையெல்லாம் என்ன ஆச்சு?”