கடைசிக் குச்சி

ஒரு தீப்பெட்டிக்குள் ஒரே ஒரு குச்சி மிச்சம் இருந்தது. மலையில் மழை பிடிக்கும்வரை அதற்குத் துணையாக இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். இப்போது பெட்டி காலியாகக் கிடந்ததால், ஆட்டும்போதெல்லாம் அது இந்தச் சுவரிலும் அந்தச் சுவரிலும் போய் முட்டிக்கொண்டது.

பெட்டி கொம்பையாவுடையது. அவரும் அவருடைய தங்கை கணவர் தளவாயும் வழிதவறிப் போன எருமையைத் தேடி மலையேறியவர்கள். எருமை கிடைக்கவில்லை. மழைதான் கிடைத்தது. ஓடையைத் தாண்டும்போது தளவாய் பாறையில் வழுக்கி, தலையோடு முங்கி எழுந்தார். கொம்பையா கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றுவதற்குள் ஓடை செம்மண் நிறத்தில் பெருகிவிட்டது. இனி தண்ணீர் வடிந்தால்தான் ஊருக்குப் போக முடியும். இருவரும் ஒரு பெரிய பாறையின் வளைவுக்கு அடியில் ஒதுங்கினார்கள்.

தளவாய்க்குப் பல் தந்தியடித்தது. "ஒரு பீடி இழுத்தா குளிர் விட்டுரும் மச்சான்" என்றார்.

முதல் அண்ணன் அந்தப் பீடிக்குப் போனான். காற்றில் பீடி பற்றவைப்பதில் கொம்பையாவின் கைகளுக்கு ஈடு கிடையாது. இரண்டு உள்ளங்கைகளும் கூடு கட்டின, சுடர் ஆடாமல் நின்றது. ஆனால் பீடி ஓடையில் குளித்த பீடி. அண்ணன் விரல்வரை எரிந்து முடிந்தான். பீடி கருகக்கூட இல்லை.

இரண்டாமவனுக்கு அதைவிடப் பெரிய வேலை கொடுத்தார்கள். தரையில் கிடந்த விறகையெல்லாம் வாரிக் குவித்து, உச்சியில் ஒரு வேங்கைக் கட்டையையும் தூக்கி வைத்து, அடியில் அவனைக் கொளுத்தி நீட்டினார்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

இதையெல்லாம் பெட்டிக்குள் இருந்தபடியே கடைசிக் குச்சி கேட்டுக்கொண்டிருந்தது.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று வேங்கைக் கட்டை வெளியிலிருந்து குரல் கொடுத்தது.

"நான் இருக்கிறேன்."

"நீ மட்டுமா? உன் அண்ணன் இப்போது வந்து என்னைத் தொட்டானாமே. எனக்குத் தெரியவே இல்லை. ஏதோ எறும்பு என்று நினைத்தேன்."

குச்சி தன் உயரத்தையும் கட்டையின் பருமனையும் மனதுக்குள் அளந்து பார்த்தது. பிறகு, அளக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தது.

அந்தச் சமயத்தில், பெட்டியைச் சுற்றியிருந்த பாலித்தீன் பையின் கிழிசல் வழியாக ஈரம் மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"பயப்படாதே, நான் யாரையும் அடிப்பதில்லை" என்றது ஈரம். "பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான்."

"கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

"ஏன், எங்கே போகப் போகிறாய்? நீ எரிய ஒரு தடவைதான் முடியும். அந்த ஒரு தடவையும் வீணாகப் போவதற்கு, என்னோடு இப்படியே இருந்துவிடலாம். உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குச்சி நமத்துப்போயிருந்தது என்று என்னைத்தான் சொல்வார்கள்."

குச்சிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதுதான் அதற்குப் பயமாகவும் இருந்தது. தோற்கும் முன்பே தோல்விக்கு ஒரு நல்ல காரணம் கையில் கிடைத்துவிட்டால் மனம் எவ்வளவு லேசாகிவிடுகிறது!

"அதன் பேச்சைக் கேட்காதே" என்றது பெட்டியின் பக்கத்திலிருந்த உரசுபட்டை. "நானும் ஒரு ஓரம் நனைந்துபோய்த்தான் இருக்கிறேன். இன்னொரு ஓரம் நன்றாகவே இருக்கிறது."

வெளியே தளவாயின் பேச்சு குழறியது. "தூக்கம் வருது மச்சான்."

"தூங்கப்பிடாது மாப்ள. எருமையைப் பத்தி ஏதாவது சொல்லும்."

"எந்த எருமை?"

கொம்பையா சட்டென்று திரும்பிப் பார்த்தார். தளவாயின் உடம்பில் நடுக்கம் நின்றிருந்தது. ஆடு வளர்த்தவர் கொம்பையா. மழையில் நனைந்த குட்டி நடுங்கிக்கொண்டிருக்கும்வரை பிழைக்கும், நடுக்கம் நின்றால்தான் மோசம் என்பது அவருக்குத் தெரியும். தளவாயின் ஈரச் சட்டையை உரித்தெடுத்துத் தூரப் போட்டார். தான் மழைக்குக் கொங்காணியாக மடித்து மேலே போட்டிருந்த யூரியாச் சாக்கைக் கழற்றி அவரைச் சுற்றினார். அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து கடைசிக் குச்சியை எடுத்தார்.

"இப்போதேவா?" என்றது குச்சி.

உரசுபட்டை "இந்த ஓரம் வேண்டாம்" என்று கத்தியது. அது மனிதக் காதில் விழவில்லை. கொம்பையா நனைந்த ஓரத்திலேயே உரசினார். தீப்பொறி வரவில்லை. குச்சியின் தலை மருந்து கொஞ்சம் உதிர்ந்து, பட்டையில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது.

கொம்பையாவின் கை அப்படியே நின்றது. இன்னொரு முறை உரசினால் மிச்ச மருந்தும் போய்விடும்.

"தலைமுடில வச்சுத் தேயும் மச்சான், காஞ்சிரும்" என்றார் தளவாய், கண்ணைத் திறக்காமலே.

"உம்ம தலை சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு."

"உம்ம தலைல தேயும்."

"எனக்கு ஏதுவே முடி?"

"அதுஞ் சரிதான்" என்று தளவாய் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏல தளவாய்! ஏல!" சின்ன வயதில் கூப்பிட்டது போலக் கூப்பிட்டார் கொம்பையா. தளவாய் முனகினார். கொம்பையா தன் சட்டைப் பொத்தானைத் திறந்தார். இவ்வளவு நேரம் சாக்கு மூடியிருந்ததால் அவர் நெஞ்சு நனையவில்லை. தலையில் இல்லாத முடியெல்லாம் அங்கே இருந்தது. குச்சியை அதற்குள் செருகி, மேலே ஒரு கையால் அழுத்தினார். பட்டையின் நனையாத ஓரத்தைக் கிழித்து அதோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் போட்டார்.

உள்ளே இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. கூடவே வந்த ஈரம் அந்தச் சூட்டில் சங்கடமாக நெளிந்தது. குச்சிக்கு மிக அருகில் ஏதோ திடும் திடும் என்று இடித்தது.

"யார் அது?"

"இதயம்."

"ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாய்?"

"பயம்" என்றது இதயம். "வெளியே படுத்திருக்கும் ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது?"

இவ்வளவு பெரிய மனிதருக்குள் பயம் இருக்கும் என்று குச்சி நினைத்ததில்லை. "எனக்கும் பயம்" என்றது. "அந்த வேங்கைக் கட்டையை நான் எரிக்க வேண்டும். என்னால் ஆகாது. அண்ணன்களாலேயே ஆகவில்லை. இப்போது எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்."

"கட்டையை நீ எரிக்க வேண்டும் என்று யார் சொன்னது?"

"வேறு யார் எரிப்பார்கள்?"

"எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அடிப்பது மட்டும்தான். இந்த மனிதரின் ஆயுளை முழுவதும் ஒரே மூச்சில் அடித்து முடிக்கச் சொன்னால் நான் இந்த நிமிடமே நின்றுவிடுவேன். என் வேலை இந்த ஒரு அடி. அது முடிந்தால் அடுத்த அடி."

குச்சி அதை யோசித்தபடி கிடந்தது. ஈரம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.

வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கையில் குச்சி இல்லாததால், கொம்பையாவின் இரண்டு கைகளும் சும்மா இருக்க முடியாமல் தவித்தன. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அவர் அப்போதுதான் செய்யத் தொடங்கினார். தரையில் கிடந்த ஈர விறகையெல்லாம் காலால் ஒதுக்கினார். பாறைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் நின்றபடியே பட்டுப்போன கிளை ஒன்று தொங்கியது. இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து அதை வெட்டினார்.

"நானும் நனைந்தவன்தான், என்னை விட்டுவிடு" என்றது கிளை.

"மேலேதான் நனைந்திருக்கிறாய்" என்றது அரிவாள். "வாயை மூடு, பட்டையை உரிக்கப் போகிறேன்."

பட்டை போனது. கிளை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மழையைப் பார்த்தே அறியாத வெள்ளை மரம் இருந்தது. "இது நானா?" என்று கிளையே வியந்தது. அரிவாள் அந்த வெள்ளையிலிருந்து மெல்லிய சுருள்களாகச் சீவியது. சுருள்களுக்கு அடுத்து ஈர்க்குக் கனத்தில் சிராய்கள், அதற்கு அடுத்து விரல் கனத்தில் குச்சிகள். கொம்பையா தரையீரம் ஏறாதபடி கம்புகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் சுருள்களை வைத்தார்.

பிறகு தீப்பெட்டியின் பாலித்தீன் பையைக் கட்டி வைக்கும் சைக்கிள் டியூப் துண்டை எடுத்தார்.

"நானா? நல்ல இடத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிட மாட்டார்களே" என்றது டியூப். "எரிந்தால் நாறுவேன். கரும்புகை விடுவேன்."

"நனைந்திருக்கிறாயா?" என்று சுருள் கேட்டது.

"நனைவதா? நானா? துடைத்தால் போதும்."

கொம்பையா அதைத் துடைத்து நாடா போலக் கீலமாக வெட்டிச் சுருள்களுக்கு நடுவே செருகினார். அதற்குப் பிறகுதான் நெஞ்சிலிருந்து குச்சியை எடுத்தார். காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

குச்சி எட்டிப் பார்த்தது. வேங்கைக் கட்டை தொலைவில் தனியாகக் கிடந்தது. குச்சிக்கு எதிரே இருந்தது ஒரு சுருள். காகிதத்தைவிட மெல்லியது, குச்சியைவிடச் சிறியது.

"வா" என்றது சுருள். "எனக்கும் இதுதான் முதல் தடவை."

உரசுபட்டையின் காய்ந்த ஓரத்தில் குச்சி உரசியது. சீறிக்கொண்டு பற்றியது. எரிவது வலிக்கும் என்று அது நினைத்திருந்தது. வலியை உணரக்கூட நேரமில்லாமல் வேலை இருந்தது. பீடிக்குப் பழகிய உள்ளங்கைகள் அதைச் சுற்றிக் கூடு கட்டின. சுருளைத் தொட்டது. சுருள் டியூப்பைத் தொட்டது. டியூப் நாறியது, புகைந்தது, ஆனால் அணையாமல் பிடிவாதமாக எரிந்தது. விரலில் சூடு பட்டதும் கொம்பையா உதறினார். பாதி கருகிய குச்சி அவர் குதிகாலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அங்கே கிடந்தபடி அது பார்த்தது. சிராய்கள் பற்றின. விரல் கனக் குச்சிகள் படபடவென்று வெடித்தன. ஒதுக்கிவைத்த ஈர விறகுகளைக் கொம்பையா நெருப்பைச் சுற்றிச் சாய்த்து வைத்தார். அவை ஆவி விட்டுக் காய்ந்து, ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியில்தான் வேங்கைக் கட்டை போனது. அது நெடுநேரம் முனகிவிட்டுச் சிவந்தது.

"பார்த்தீர்களா என் சூட்டை?" என்றது கட்டை. யாரும் மறுத்துப் பேசவில்லை. சூடு நல்ல சூடாகத்தான் இருந்தது.

சாக்குக்குள் தளவாயின் தோள் லேசாக அசைந்தது. பிறகு உடம்பு முழுவதும் உதறியது. பல் மறுபடியும் தந்தியடிக்கத் தொடங்கியது.

"நடுங்குதீராவே!" என்று கொம்பையா கத்தினார். அவர் கண்ணில் நீர் வந்தது. "நடுங்கும் மாப்ள, நல்லா நடுங்கும்!"

"குளிருதுல்லா மச்சான், பெறகு ஆடவா செய்வேன்?" என்றார் தளவாய். "எருமை கெடச்சுதா?"

"எருமை கெடக்கட்டும். நீரு கிட்ட வந்து உக்காரும்."

மழை தூறலாகும்வரை இருவரும் நெருப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த பீடிகளை நெருப்போரக் கல்லில் பரப்பியிருந்தார்கள், அவற்றில் ஒன்று காய்ந்திருந்தது. தளவாய் அதை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"பெட்டியத் தாரும் மச்சான்."

"குச்சி தீந்துட்டு."

தளவாய் வேங்கைக் கட்டையின் சிவந்த முனையை நோக்கிக் குனிந்தார்.

"தீ தீரலல்லா" என்றார்.